தபாலில் இயங்கிய ஆசிரியர் அறை: சென்னை மாகாணக் கல்லூரிக் கணித ஆசிரியர்களின் பகிர்வு மரபு, 1906–1950

1906 டிசம்பர் 25 அன்று, அனந்தப்பூர் மாவட்டத்துக் குத்தியில் டெப்டி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர், கணிதத்தில் நாட்டமுள்ள தம் நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். மேற்கொண்டு கணிதம் படிக்க விரும்புகிறவனுக்கு இந்த நாட்டில் வசதி இல்லை, நல்ல நூலகம் இல்லை, வெளிநாட்டு இதழ்கள் கண்ணில் படுவதில்லை; ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டால் நூல்களையும் இதழ்களையும் வாங்கித் தபாலில் சுற்றுக்கு விடலாம் என்பது அதன் சாரம். 1907 ஏப்ரல் 4-இல் இருபது பேருடன் ‘அனலிடிக் கிளப்’ பிறந்தது. சில ஆண்டுகளில் அதுவே இந்தியக் கணிதக் கழகம் என்று பெயர் மாறியது.

இந்தக் கழகத்தின் வரலாற்றை இந்திய ஆராய்ச்சிக் கணிதத்தின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அது பிழையன்று. ஆனால் அதன் முதல் கால் நூற்றாண்டை இன்னொரு கோணத்தில் பார்க்க இடமிருக்கிறது. தனித்தனி ஊர்களில் முடங்கிக்கிடந்த கல்லூரி ஆசிரியர்கள் தம் கைவசம் இருந்த புத்தகம், கணக்கு, தீர்வு, சந்தேகம் ஆகியவற்றைத் தமக்குள் மாற்றிக்கொள்ளக் கண்ட ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டில் கற்பித்தலுக்கு எந்த இடம் இருந்தது, அந்த இடம் எப்போது தனியே பிரிந்தது என்பதே இக்கட்டுரை தேடும் விஷயம்.

தனிமை

1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் முதல் அரை நூற்றாண்டுக்குப் பெரும்பாலும் தேர்வு நடத்தும் அமைப்பாகவே இருந்தது. பாடம் நடந்ததெல்லாம் இணைப்புக் கல்லூரிகளில்தான். கும்பகோணம், திருச்சி, திருநெல்வேலி என்று எந்த ஊர்க் கல்லூரியை எடுத்துக்கொண்டாலும், கணிதத் துறை என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களுக்குப் பாடத்திட்டம் ஒன்று, வினாத்தாள் ஒன்று. மாணவன் இடறும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்திருக்கும். பேசிக்கொள்ளத்தான் வழியில்லை. ஒரே வகுப்பை ஐந்து ஊர்களில் ஐந்து பேர் தனித்தனியே எடுத்துக்கொண்டிருந்தது போன்ற நிலை.

இந்தத் தனிமைக்கு ஏற்கெனவே ஒரு கைமருந்து இருந்தது. அது லண்டனிலிருந்து வந்தது. 1847-இல் தொடங்கிய ‘எஜுகேஷனல் டைம்ஸ்’ என்ற கல்வி இதழில் கணிதக் கேள்வி-பதில் பகுதி ஒன்று வந்துகொண்டிருந்தது. கெய்லி, சில்வெஸ்டர் போன்ற பெரியவர்களும் பெயர் தெரியாத பள்ளி ஆசிரியர்களும் அதில் சரிசமமாக எழுதினார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே இராமசாமி ஐயர் அதற்கு எழுதிவந்தார். எழுத்தின் தரத்தைப் பார்த்த ஆங்கிலேயப் பதிப்பாசிரியர்கள், எழுதுகிறவர் கல்லூரிப் பேராசிரியர் என்றே எண்ணிப் ‘புரொபசர்’ என்று விளித்துப் பதில் எழுதினார்கள். அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. ரெவின்யூ உத்தியோகத்துக்குப் போன பிறகும் நண்பர்களுக்கு அவர் ‘புரொபசர்’தான். கணித ஆசிரியர்களை ஒன்றுசேர்த்தவர் ஒரு ரெவின்யூ அதிகாரி என்பது முரணாகத் தோன்றலாம். கேள்விப் பகுதி என்ற வடிவத்தின் ருசியை மாணவப் பருவத்திலேயே கண்டவர் அவர் என்பதை நினைத்தால் முரண் போய்விடுகிறது.

கழகத்தின் நூலகம் புனேயில் ஃபெர்குசன் கல்லூரியில் அமைந்தது. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்று ‘சீனியர் ராங்ளர்’ ஆன முதல் இந்தியரான ஆர்.பி. பராஞ்சபே அங்கே இருந்தார். இதழ்கள் அங்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து உறுப்பினர்களுக்குத் தபாலில் போயின. படித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஓர் இதழ் தம் மேசையில் இத்தனை நாள்தான் இருக்கும் என்று தெரிந்தால் மனிதன் எவ்வளவு ஊன்றிப் படிப்பான் என்பதை, வாட்ஸ்அப் குழுக்களில் நூறு பிடிஎஃப்களைத் திறக்காமலே சேர்த்து வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேள்வி 289

1909-இல் கழகத்தின் சொந்த இதழ் தொடங்கியது. இரு மாதத்துக்கு ஒரு முறை வரும். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் எம்.டி. நாராயண ஐயங்கார் அதன் பதிப்பாசிரியர். கட்டுரைகள், குறிப்புகள் எல்லாம் இருந்தாலும், எனக்கு இதழின் உயிர் கேள்விப் பகுதியில் இருந்ததாகவே படுகிறது. முறை எளிது. கேள்விக்கு ஓர் எண், கேட்டவர் பெயர். அடுத்தடுத்த இதழ்களில் தீர்வு, தீர்த்தவர் பெயர். தீர்வு வரும் வரை கேள்வி காத்திருக்கும்.

கட்டுரை எழுதும் அளவுக்கு ஆராய்ச்சி செய்ய வாரம் முழுதும் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு நேரமில்லை. ஒரு நல்ல கணக்கு அவரிடம் எப்போதும் இருக்கும். வகுப்பில் எழுந்த சந்தேகமாகவோ பழைய வினாத்தாளைத் திருப்பிப் போட்டதாகவோ அது இருக்கலாம். அதை அனுப்ப ஒரு தபால் கார்டு போதும். பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரே கணக்கை மூன்று ஊர்க்காரர்கள் மூன்று வழியில் போட்டுப் பார்த்த தீர்வுகள். நாளை வகுப்பில் எந்த வழியைக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஏறும் என்று தேர்ந்தெடுக்க அதைவிட என்ன வேண்டும்?

இந்தப் பகுதியின் புகழ்பெற்ற கேள்வியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 1911-இல் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் அனுப்பியது, எண் 289. வர்க்கமூலத்துக்குள் 1 கூட்டல், 2 பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம். அதற்குள் 1 கூட்டல், 3 பெருக்கல் இன்னொன்று. அதற்குள் 1 கூட்டல், 4 பெருக்கல் இன்னொன்று. இப்படி முடிவின்றிப் போகும் கோவையின் மதிப்பு என்ன?

மூன்று இதழ்கள், ஆறு மாதங்கள் கடந்தும் யாரும் தீர்வு அனுப்பவில்லை. கேட்டவரே விடையைத் தந்தார்: 3.

விடை தெரிந்த பிறகு இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் காட்டலாம். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1 கூட்டல் 8. 8 என்பது 2 பெருக்கல் 4. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1 கூட்டல், 3 பெருக்கல் 5. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1 கூட்டல், 4 பெருக்கல் 6. கடைசி எண்ணை ஒவ்வொரு முறையும் பிரித்துக்கொண்டே போனால் கேட்ட கோவை தானாக விரியும். கரும்பலகையில் மூன்று வரி எழுதியதும் நாலாம் வரியை மாணவர்களே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நான் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன்; ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை.

கேள்வி அனுப்பியவர் இராமானுஜன். 1911 முதல் 1919 வரை அவர் இவ்விதழுக்கு 58 கேள்விகள் அனுப்பினார். முதல் சில கேள்விகளில் அவர் பெயர் ‘இராமானுஜம்’ என்று மகரத்தில் முடியும்படிதான் அச்சாகியிருக்கிறது.

திருத்தியவர்

இராமானுஜனின் முதல் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, 1911-இல் இதே இதழில் வந்தது. அது அச்சேறிய பாடு தனிக்கதை. அவருடைய முறை சுருக்கமானது, புதியது. ஆனால் எழுத்தில் தெளிவும் துல்லியமும் இல்லாததால் சாதாரண வாசகர் பின்தொடர முடியாது என்று நாராயண ஐயங்கார் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். கைப்பிரதி பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே மூன்று முறை போய்வந்தது.

அந்த இளைஞர் கணிதம் கற்றுக்கொண்ட விதத்தை இதோடு சேர்த்து எண்ண வேண்டும். ஜி.எஸ். கார் என்பவர் லண்டனில் தனிப்பயிற்சி ஆசிரியர். தேர்வுக்குப் போகும் மாணவர்களுக்காக ஏறக்குறைய ஐயாயிரம் சூத்திரங்களைத் தொகுத்து நூலாக்கினார். நிரூபணங்கள் பெரும்பாலும் ஓரிரு வரி, அல்லது அதுவும் இல்லை. இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு கோச்சிங் வாத்தியாரின் நோட்ஸ். ஆசிரியரின் குரல் இல்லாத ஆசிரியக் குறிப்பு கும்பகோணத்துப் பையனை எழுப்பிவிட்டது. அதே நூல்தான் படிகளை விழுங்கி எழுதும் பழக்கத்தையும் கொடுத்தது. அந்த இரண்டாவது பழக்கத்தை மாற்றும் வேலை பெங்களூர்ப் பதிப்பாசிரியர் தலையில் விழுந்தது. எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்வில் தோற்றுக் கல்லூரியை விட்டவருக்குக் கட்டுரை எழுதுவது எப்படி என்று தபால்வழி வகுப்பெடுத்தவர் அவர். கழகத்தின் வரலாற்றில் கற்பித்தல் எங்கே இருந்தது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த மூன்று கடிதப் போக்குவரத்தைத்தான்.

இராமானுஜன் வெளியே தெரியவந்த வழியும் இதே வலைப்பின்னல்தான். 1910-இல் தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டுத் திருக்கோவிலூரில் இராமசாமி ஐயரைப் பார்க்கப் போனார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ‘புரொபசர்’, இவரைத் தாலுகா கச்சேரியில் உட்காரவைக்க மனமின்றி, கும்பகோணத்தில் இவருக்குப் பாடம் எடுத்திருந்த பி.வி. சேஷு ஐயரிடம் சென்னைக்கு அனுப்பினார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ். பிறகு சென்னைத் துறைமுகத்தில் நாராயண ஐயர். அவரும் முன்பு திருச்சி சூசையப்பர் கல்லூரியில் கணித விரிவுரையாளராக இருந்தவர். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளருக்கு 1913-இல் இராமானுஜனின் கடிதம் போவதற்கு முன்பே, உள்ளூரில் ஆசிரியர்களும் முன்னாள் ஆசிரியர்களும் அவரைக் கைக்குக் கை மாற்றிக் காப்பாற்றியிருந்தார்கள்.

மாணவன் எங்கே?

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டது கணக்கை. மாணவனைப் பற்றிய அனுபவத்தை அல்ல. ஒரு கணக்கு ஏன் பிள்ளைகளுக்குப் புரியவில்லை, எந்தப் படியில் தவறுகிறார்கள், எதைச் சொன்னதும் முகம் தெளிந்தது என்பதற்கு அந்தக் கேள்வி-பதில் வடிவத்தில் இடமே கிடையாது. எண், பெயர், தீர்வு, அவ்வளவுதான். ஆசிரியர் தம் சகாவிடம் அறிவாளியாகத் தோன்றும் வடிவம் அது. வகுப்பில் தோற்றுப்போன கதையை அதில் எழுத முடியாது.

மொழியும் ஒரு சுவர். கழகத்தின் முதல் மாநாடு 1916-இல் சென்னையில் கூடியது. அதே ஆண்டில் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் சேர்ந்து தமிழில் அறிவியல் கலைச்சொல் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒரே மாகாணத்தில், ஒரே ஆண்டில், அறிவியல் கற்பித்தலின் இரண்டு தேவைகளுக்கு இரண்டு முயற்சிகள். ஒன்று ஆங்கிலத்தில், ஆசிரியருக்காக. மற்றது தமிழில், கற்கப்போகிறவனை மனத்தில் வைத்து. வகுப்பறைக்குள் ஆங்கிலத்தில் எழுதிப்போட்டு, வராந்தாவில் தமிழில் விளக்கிய ஆசிரியர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். அந்த வராந்தா விளக்கம் எந்த இதழிலும் ஏறவில்லை.

மாற்றம் 1933-இல் வந்தது. கழகம் ‘மேதமேடிக்ஸ் ஸ்டூடண்ட்’ என்ற இரண்டாவது இதழைத் தொடங்கியது. அதன் முதல் பதிப்பாசிரியர் அ. நரசிங்க ராவ், நான்கு ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்தில் தொடங்கப்பட்டிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர். விளக்கக் கட்டுரைகள், நூல் மதிப்புரைகள், கேள்வி-பதில் முதலியன இங்கே வந்து சேர்ந்தன. பழைய இதழ் 1934 முதல் புதிய வரிசையாக, ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கென்று நடந்தது.

இதழின் பெயரிலேயே மாணவன் வந்துவிட்டான். கற்பித்தலுக்கு ஒரு சொந்த வீடு கிடைத்தது என்று மகிழலாம். எனக்கு அரை மகிழ்ச்சிதான். 1911-இல் ஒரே அட்டைக்குள் இராமானுஜனின் ஆய்வும் ஒரு மொபஸல் கல்லூரி ஆசிரியரின் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. 1934-க்குப் பிறகு ஆராய்ச்சி ஒரு வீட்டிலும் பாடம் இன்னொரு வீட்டிலும் குடியேறின. எந்த வீட்டில் எழுதினால் மதிப்பு என்பது ஆசிரியர்களுக்கு விரைவிலேயே புரிந்திருக்கும். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரையை எண்ணும் இன்றைய பழக்கத்துக்கு அங்கேயே வித்து இருக்கிறது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் முற்றிலும் பொய்யாகாது.

இதற்குப் பிந்திய கதை வேகமாகப் பெருகியது. 1965-இல் சென்னையில் இந்தியக் கணித ஆசிரியர் சங்கமும், 1984-இல் இயற்பியல் ஆசிரியர்களுக்கென ஓர் அகில இந்தியச் சங்கமும் எழுந்தன. 2003-இல் தொடங்கிய ‘என்பிடெல்’ வழியாக ஐ.ஐ.டி.கள் பாடங்களையே படம்பிடித்து எல்லோருக்கும் திறந்துவிட்டன. ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது.

நம் கதை முடியும் 1950-இல், புனேயில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த கழக நூலகம் சென்னைக்கு வந்தது. அழகப்ப செட்டியார் அதே ஆண்டில் நிறுவிய இராமானுஜன் கணித நிறுவனம் அதற்கு இடம் கொடுத்தது. நிறுவனத்தின் முதல் இயக்குநர் தி. விஜயராகவன். கேள்வி 289 போன்ற முடிவற்ற வர்க்கமூலக் கோவைகள் எப்போது உண்மையிலேயே ஒரு மதிப்பை நெருங்கும் என்பதற்கு விதி கண்டவர் அவர்தான். கேட்டவர் அந்த நெருக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டிருந்தார். கேள்விக்கு முழு விடை கண்டவரும், கேள்வி அச்சான இதழின் நூலகமும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன.

எல்லாக் கேள்விகளுக்கும் அப்படி உள்ளூரில் விடை கிடைத்துவிடவில்லை. 1913-இல் இராமானுஜன் அனுப்பிய 464-ஆம் கேள்வி இரண்டின் அடுக்குகளைப் பற்றியது. 8, 16, 32, 128, 32768 ஆகிய ஐந்திலிருந்தும் 7-ஐக் கழித்தால் 1, 9, 25, 121, 32761 என்று வர்க்க எண்களே வருகின்றன. கடைசி எண் 181-இன் வர்க்கம். இந்த ஐந்தைத் தவிர வேறு உண்டா? இல்லை என்று நார்வேயில் பிறந்த நாகெல் 1948-இல் நிரூபிக்க, முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. கேள்வியைப் புரிந்துகொள்ள மட்டும் பெருக்கல் வாய்ப்பாடு போதும். முதலாண்டு வகுப்பில் இதை எழுதிப்போட்டால், யாராவது ஒரு பிள்ளை செல்போனை எடுத்து ஆறாவது எண்ணைத் தேடத் தொடங்கும்.