வணிகரிடம் திரும்பி வந்த கணிதம்

அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் வணிகவியல் பயிலச் சேரும் மாணவர் பலர், தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு கணிதப் பாடத்தைக் கடந்தாக வேண்டும். ‘ஃபைனைட் மேத்தமேட்டிக்ஸ்’ என்பது அதன் பெயர். முடிவுறு கணிதம் என நாம் தமிழில் கூறலாம். அதில் தேறாதவர் மேல் வகுப்புக்கு ஏற முடியாத கல்லூரிகளும் உண்டு. ஆதலின், கணிதத்திற்கு அஞ்சியே வணிகவியலை நாடி வந்த மாணவர்க்கு அப்பாடம் வழியை மறிக்கும் வேலியாகத் தோன்றுகிறது. ஆனால் அதனை வகுத்தவர்கள் வாயிலாகவே அதனைத் திறந்து வைத்தனர். அந்த வரலாற்றை ஈண்டு சற்று நோக்குவோம்.

கணிதமும் வாணிபமும் தொடக்கத்தில் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவை. கி.பி. 813 முதல் 833 வரை ஆண்ட கலீஃபா மஃமூனின் காலத்தில் பாக்தாத் நகரில் விளங்கிய பேரறிஞர் அல்குவாரிஸ்மி இயற்றிய நூலின் பெயரிலிருந்தே ‘அல்ஜீப்ரா’ என்னும் சொல் பிறந்தது. அவருடைய பெயரிலிருந்து ‘அல்காரிதம்’ என்னும் சொல் பிறந்தது. அந்நூலின் பிற்பகுதியில் பெரும் இடத்தைப் பெறுபவை வஸிய்யத்தும் வாரிசுப் பங்கீடும் ஆகும். ஃபராயிள் கணக்கை அறிந்தோர்க்கு இதன் காரணம் விளங்கும். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, எஞ்சியதில் மகனுக்கு மகளைப்போல் இருமடங்கு; இதனிடையே வஸிய்யத்தும் கடனும் வந்து சேருமாயின், தெரியாத ஒன்றைத் தெரிந்தவற்றைக் கொண்டு காணும் முறை இன்றியமையாததாகிவிடும். வாழ்க்கையின் தேவையே அங்குக் கணிதத்தை ஈன்றது.

அவ்வறிவு கடல் கடந்தும் சென்றது. இத்தாலியின் பீஸா நகரத்து லியோனார்டோ, ஃபிபோனாச்சி என வழங்கப்படுபவர், இளமையில் வட ஆப்பிரிக்கத் துறைமுகமாகிய புஜியாவில் இந்திய எண்முறையைக் கற்றார். பீஸா வணிகரின் நலன் காக்கும் அலுவலில் அவருடைய தந்தை அங்கிருந்தார். 1202-ஆம் ஆண்டில் அவர் எழுதிய ‘லீபர் அபாசி’ என்னும் நூலில் சரக்கு விலை, நாணய மாற்று, கூட்டு வாணிபத்தின் இலாபப் பங்கீடு ஆகியன நிறைந்துள்ளன. பின்னர் இத்தாலிய நகரங்களில் வணிகர்தம் மைந்தர்க்கென்றே கணக்குப் பள்ளிகள் எழுந்தன.

பதினேழாம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை நிறுவினர். கோள்களின் ஓட்டத்தையும் பொருள்களின் இடையறாத மாறுதலையும் அளக்க வந்த அக்கணிதம், காலப்போக்கில் கல்லூரிக் கணிதத்தின் தலைவாயிலாயிற்று. ஆயின் கடைக்காரர் கையாள்பவை மூட்டைகளும் பெட்டிகளும் ஆட்களும் வேலை நேரங்களும் ஆகும். ஒன்று, இரண்டு என எண்ணி முடிக்கத்தக்க அவற்றுக்கு அவ்வாயில் நேர்வழியாக அமையவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு வழி திறந்தது. 1939-இல் சோவியத் நாட்டின் லெனின்கிராடில், ஒட்டுப்பலகைத் தொழிலின் எந்திரங்களுக்கு வேலையைப் பகிர்ந்தளிப்பது எவ்வாறு என்னும் வினாவை ஆராய்ந்த கண்டரோவிச், நேரியல் திட்டமிடல் என்னும் துறைக்கு அடிகோலினார். 1975-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் கூப்மன்ஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அமெரிக்க விமானப்படைக்காகப் பணியாற்றிய டான்ட்சிக், 1947-இல் ‘சிம்ப்ளெக்ஸ்’ என்னும் தீர்வுமுறையை வகுத்தார்.

அம்முறையைச் சோதிக்க எடுத்துக்கொண்ட கணக்கு சுவையானது. ஒரு மனிதனுக்கு வேண்டிய சத்துகள் ஒன்பதையும் 77 உணவுப் பொருள்களிலிருந்து மிகக் குறைந்த செலவில் பெறுவது எப்படி? பொருளியலறிஞர் ஸ்டிக்லர் 1945-இல், 1939-ஆம் ஆண்டு விலைப்படி, ஆண்டுக்கு 39 டாலர் 93 செண்ட் என்று தம் நுண்ணறிவால் ஒரு விடை கண்டிருந்தார். 1947-இல் ஒன்பது பேர் கணக்குப்பொறிகளுடன் அமர்ந்து, ஏறத்தாழ 120 ஆள்-நாள் உழைத்துக் கண்ட விடை 39 டாலர் 69 செண்ட். வேறுபாடு 24 செண்ட் மட்டுமே! அப்படியாயின் இத்துணை உழைப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஸ்டிக்லரின் விடை நல்லதுதான். ஆனால் அதனினும் குறைந்த செலவு உண்டா, இல்லையா என்பதை அறுதியிட்டுரைக்க அவருக்கு வழியில்லை. புதிய முறையோ இதற்குமேல் குறைக்க இயலாது என்று உறுதி கூறியது. அவ்வுறுதியே கணிதத்தின் கொடை.

இப்புதிய அறிவை இளைஞர்க்குப் பாடமாக்கியவர்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டார்ட்மவுத் கல்லூரியின் கெமனி, ஸ்நெல், தாம்ப்சன் ஆகிய மூவர். 1957-இல் வெளிவந்த அவர்களது ‘முடிவுறு கணித அறிமுகம்’ தருக்கம், கணங்கள், எண்ணும் முறைகள், நிகழ்தகவு, அணிகள், நேரியல் திட்டமிடல், ஆட்டக் கோட்பாடு ஆகியவற்றை நுண்கணிதம் அறியாதார்க்கும் எட்டும்படி வைத்தது. உயிரியலும் சமூகவியலும் பயில்வோரை மனத்திற்கொண்டு எழுந்தது அந்நூல். 1959-இல் கார்டனும் ஹோவலும் எழுதிய ஆய்வறிக்கை, அமெரிக்க வணிகக் கல்வியில் ஆழமில்லை என்று கடிந்துரைத்து, கணிதப் பயிற்சியை வற்புறுத்தியது. 1962-இல் அதே மூவரும் ஷ்லைஃபர் என்பாருடன் இணைந்து வணிகப் பயன்பாடுகளுடன் கூடிய முடிவுறு கணித நூலை வெளியிட்டனர். வணிகர் வீட்டிலிருந்து புறப்பட்ட கணிதம், இவ்வாறு வணிகரிடமே திரும்பி வந்தது.

கெமனியின் வாழ்வும் இங்கு நினைக்கத்தக்கது. 1926-இல் புடாபெஸ்டில் பிறந்து, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1940-இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர் அவர். 1964-இல் கர்ட்ஸுடன் சேர்ந்து ‘பேசிக்’ என்னும் கணினி மொழியைப் படைத்ததும் அவரே. அறிவியல் பயிலாத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்பதே அதன் நோக்கம். நூலிலும் மொழியிலும் அவர் செய்தது ஒன்றே: சிலர்க்கென அடைபட்டிருந்ததைப் பலர்க்கும் ஆக்கினார்.

அப்பாடம் கற்பிப்பது என்ன என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்குவோம். ஒரு தச்சுப்பட்டறையில் மேசை செய்ய மூன்று மணி நேர அறுப்பு வேலையும் ஒரு மணி நேர மெருகு வேலையும் வேண்டும். நாற்காலிக்கு இரண்டிலும் ஒவ்வொரு மணி நேரம் போதும். வாரத்தில் அறுப்புக்கு 60 மணி நேரமும் மெருகுக்கு 40 மணி நேரமும் உண்டு. மேசையில் இலாபம் 50 டாலர். நாற்காலியில் 30 டாலர். மேசையில்தானே இலாபம் மிகுதி என்று மேசை மட்டும் செய்தால், இருபதோடு அறுப்பு நேரம் தீரும். கிடைப்பது 1000 டாலர். நாற்காலி மட்டும் நாற்பது செய்தால் 1200 டாலர். பத்து மேசையும் முப்பது நாற்காலியும் செய்தாலோ இரு வேலை நேரமும் வீணின்றிச் செலவாகி 1400 டாலர் கிட்டும். இலாபம் மிகுந்த பொருளையே செய்வது இலாபம் என்னும் எண்ணம் இங்கே பொய்த்துவிடுகிறது.

இன்று இத்தகைய கணக்கைக் கணினி நொடியில் முடித்துவிடும். அப்படியிருக்க மாணவன் ஏன் வருந்திக் கற்க வேண்டும் என்று பெற்றோர் வினவலாம். கொடுத்த கணக்கைத்தான் கணினி போடும். கணக்கை அமைத்துக் கொடுக்க வேண்டியவன் மனிதன். எது குறைவாக உள்ளது, எதனை மிகுவிக்க விரும்புகிறோம், எந்த வரம்பை மீறலாகாது என்பவற்றை அவனே கூற வேண்டும். தொழிலாளியின் வேலை நேரத்தை வரம்பாக எழுதாமல் விட்டால், ஓய்வின்றி வேலை வாங்குவதே சிறந்த வழி என்றும் கணினி விடை தரும். பிழை அப்போது கணினியினுடையது அன்று.

ஆகவே வணிகம் பயிலும் நம் மக்கள் கணக்கைக் கண்டு அஞ்சுவார்களாயின், அது வேறு எவருக்கோ உரியது என்று சொல்லி அவர்களை விலக்கிவிட வேண்டாம். பாக்தாதில் வாரிசுகளின் பங்கைப் பிரித்ததும், பீஸாவில் கூட்டாளிகளின் இலாபத்தைப் பகிர்ந்ததும் இதே கணிதந்தான். உள்ளது அளவானது, அதனை முறையாகப் பங்கிட வேண்டும். இதனை அறிந்து செய்பவனே நேர்மையான வணிகனாகவும் திறமையான வணிகனாகவும் விளங்க முடியும்.