ஜப்பானில் அந்நிய ராணுவ ஆட்சியும் ஜனநாயகமும் (1945–1952)

இரண்டாம் உலக யுத்தத்தில் தோல்வியுற்ற ஜப்பான், 1945 செப்டம்பர் 2ஆம் தேதி டோக்கியோ விரிகுடாவில் ‘மிசௌரி’ என்னும் போர்க்கப்பலில் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டது முதல், 1952 ஏப்ரல் 28இல் ஸான் பிரான்ஸிஸ்கோ சமாதான உடன்படிக்கை அமுலுக்கு வந்தது வரையில், நேச நாடுகளின் சார்பாக அமெரிக்கப் படையின் ஆதிக்கத்துக்கு உட்பட்டிருந்த காலம் இது. அதில் பெரும்பகுதி தளபதி டக்ளஸ் மக்கார்தரின் அதிகாரத்தில் கழிந்தது. அந்நியப் படை ஒரு தேசத்தில் மெய்யான ஜனநாயகத்தை நிறுவக்கூடுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம், கூடும் என்போர் முதலில் காட்டும் சான்று ஜப்பானே. 2003இல் இராக்கின்மீது படையெடுக்குமுன் அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷும் ஜெர்மனியையும் ஜப்பானையுமே சுட்டினார். எனினும், அச்சான்று அவர்கள் நினைக்கும் அளவுக்கு அவர்கள் பக்கம் நிற்பதில்லை.

பிரதிநிதித்துவ ஆட்சி ஜப்பானுக்குப் புதிதன்று. 1889இல் மெய்ஜி சக்கரவர்த்தி அருளிய அரசியல் சட்டத்தின்படி மறு ஆண்டே பார்லிமெண்டு கூடிற்று. வரி செலுத்தும் சிலருக்கே இருந்த வாக்குரிமை 1925இல் 25 வயது நிரம்பிய ஆடவர்க்கெல்லாம் பொதுவாயிற்று. 1924 முதல் பெரும்பாலும் கட்சித் தலைவர்களே மந்திரிசபை அமைத்து வந்தனர். 1932 மே 15இல் பிரதம மந்திரி இனுகாய் த்ஸுயோஷியைக் கடற்படையின் இளம் அதிகாரிகள் அவருடைய வாசஸ்தலத்திலேயே சுட்டுக் கொன்றதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. ஜனநாயகப் போக்குகள் மீண்டும் தழைப்பதற்குள்ள தடைகளை நீக்கவேண்டும் என்றே 1945 ஜூலையில் வெளியான போட்ஸ்டாம் பிரகடனம் பணித்தது. அதை வரைந்தவர்கள் இவ்வரலாற்றை அறிந்திருந்தார்கள் போலும்.

அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்கென அமைந்த மந்திரி மத்ஸுமோதோ ஜோஜியின் குழு, பழைய சட்டத்தைப் பட்டும் படாமலும் திருத்தவே எண்ணியிருந்தது 1946 பிப்ரவரி 1இல் ‘மாயினிச்சி’ பத்திரிகை வாயிலாக வெளிப்பட்டதும், மக்கார்தர் அப்பணியைத் தம் அலுவலகத்தின் அரசாங்கப் பிரிவிடமே ஒப்படைத்தார். டோக்கியோவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கட்டடத்தில் அமர்ந்து அவர்கள் ஏறக்குறைய ஒரு வாரத்தில் எழுதி முடித்த வரைவு, பிப்ரவரி 13இல் ஜப்பானிய மந்திரிகளிடம் அளிக்கப்பட்டது. அதில் பெண்ணுரிமை விதிகளை எழுதிய பேயாதே ஸிரோத்தாவுக்கு அப்போது வயது 22. டோக்கியோவில் வளர்ந்தவராதலால் அந்நாட்டு மாதரின் நிலையைக் கண்ணாரக் கண்டவர். இவ்வாறு வந்த வரைவை ஜப்பானியர் வாய்மூடி ஏற்றுவிடவில்லை. ஒரே சபை என்றிருந்த பார்லிமெண்டை வாதாடி இரு சபைகளாக்கினர். குறைந்தபட்ச வாழ்க்கைத்தரத்தை உரிமையாக்கும் வாசகத்தைச் சோஷலிஸ்டு உறுப்பினர்கள் பாடுபட்டுச் சேர்த்தனர். அதை விவாதித்த சபையிலோ, பெண்கள் முதன்முறையாக வாக்களித்த 1946 ஏப்ரல் தேர்தலில் வென்ற 39 மாதர் வீற்றிருந்தனர். அந்நியர் திணித்த சட்டம் என்று பழமைவாதிகள் இடைவிடாது முறையிட்டும், 1947 மே 3 முதல் நடப்பிலுள்ள அச்சட்டத்தில் இதுகாறும் ஓரெழுத்தும் மாற்றப்படவில்லை.

ஜப்பானில் ஜனநாயகம் வேரூன்றியதற்கு, அதிகாரவர்க்கம் குலையாமல் நின்றது மற்றொரு காரணம். குத்தகைதாரர்க்கு நிலம் கிடைக்கச் செய்த சீர்திருத்தத்தை நிறைவேற்றியவர்கள் ஜப்பானிய உத்தியோகஸ்தர்களும், கிராமந்தோறும் அமைந்த நிலக் கமிட்டிகளுமே ஆவர். மாறாக, இராக்கில் 2003 மே மாதம் ஒன்றிலேயே, அதுவரை ஆண்ட பாத் கட்சியின் மேல்நிலையினரைப் பதவிநீக்கியும் ராணுவத்தைக் கலைத்தும் விட்டதால், ஆணையிட ஆளிருந்தும் நிறைவேற்ற ஆளில்லாத நிலை ஏற்பட்டது.

மறுபுறம், ஜப்பானில் பேச்சுரிமையைப் பிரகடனம் செய்த அதே ராணுவ ஆட்சி, பத்திரிகைகளையும் நூல்களையும் தணிக்கை செய்தது. தணிக்கை நடைபெறுகிறது என்று எழுதுவதையும் தடுத்தது. 1947 பிப்ரவரி 1இல் தொழிலாளர் நடத்தவிருந்த பொது வேலைநிறுத்தத்தை முதல்நாளே மக்கார்தர் தடை செய்தார்.

ஓகினாவாவின் நிலை இன்னும் வேறு. பிரதான ஜப்பான் சுதந்திரம் பெற்ற பின்னும் அத்தீவு அமெரிக்க ராணுவத்தின் பிடியிலேயே இருந்தது. அதன் தலைநகரான நாஹாவின் மேயராக 1956 டிசம்பரில் மக்கள் தேர்ந்தெடுத்த செனாகா காமெஜிரோ, அமெரிக்க ஆதிக்கத்தை எதிர்ப்பவராதலால், மறு ஆண்டே, தீவை ஆண்ட அமெரிக்க ஹை கமிஷனர் பிறப்பித்த சட்டத்தால் பதவியிழந்தார். தீவின் ஆட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க 1968 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. ஜப்பானோடு உடனே இணையவேண்டும் என்று கோரிய ஆசிரியர் சங்கத் தலைவர் யாரா சோபியோவையே அவர்கள் தேர்ந்தெடுத்தனர். தீவு ஜப்பானிடம் திரும்பியது 1972 மே 15இல்.