வாக்குச்சாவடி ஸ்கேனர் எண்ணிக்கை

வாக்காளர் தாளில் குறியிட்ட வாக்குச்சீட்டை, அவர் வாக்களித்த சாவடியிலேயே ஒளிவருடிக் கருவிக்குள் செலுத்தி, அங்கேயே எண்ணிவிடும் முறை இது. சீட்டு கருவிக்குள் நுழைகிறது, படிக்கப்படுகிறது, அடியில் பூட்டிவைத்த பெட்டிக்குள் விழுகிறது. ஆகவே ஒரே வாக்கு இரண்டு இடங்களில் இருக்கிறது: கருவியின் நினைவகத்தில் எண்ணாக, பெட்டிக்குள் தாளாக. இவை இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதை யார், எப்போது, எப்படிப் பார்ப்பது? இந்த முறையைச் சுற்றி உருவான நடைமுறைகள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குத் தேடிய விடைகளே.

சீட்டுகளைப் பெட்டியோடு ஓரிடத்துக்குக் கொண்டுசென்று அங்கே பெரிய ஸ்கேனரில் எண்ணுவது வேறு முறை. அதற்கு மைய எண்ணிக்கை என்று பெயர். இரண்டிலும் தாளும் ஒன்றுதான், படிக்கும் நுட்பமும் ஒன்றுதான். ஆனால் சாவடியில் எண்ணும்போது வாக்காளர் கருவியின் எதிரிலேயே நிற்கிறார். அதனால் எவ்வளவு வேறுபாடு விளைகிறது என்பது 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தெரிந்தது.

தேர்வுத்தாளிலிருந்து தேர்தலுக்கு

அரசுத் தேர்வு எழுதியவர்களுக்கு ஓ.எம்.ஆர். தாளைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. வட்டத்தை முழுதாகக் கருமையாக்க வேண்டும், ஒரு கேள்விக்கு இரண்டு வட்டங்களைக் கருமையாக்கினால் அந்த விடை செல்லாது. வாக்குச்சீட்டு ஸ்கேனரும் அதே குடும்பத்தில் பிறந்ததுதான். மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் ரேனால்ட் ஜான்சன், பென்சில் கரியின் வழியே மின்சாரம் பாயும் என்பதைக் கொண்டு விடைத்தாள் திருத்தும் கருவி ஒன்றை உருவாக்கினார். ஐ.பி.எம். நிறுவனம் 1930களின் பிற்பகுதியில் அதை 805 என்ற எண்ணோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியைக் கொண்டு குறிகளைப் படிக்கும் கருவியை 1950களில் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் இ. எஃப். லிண்ட்குவிஸ்ட் வடிவமைத்தார்.

தேர்தலில் இந்த நுட்பம் 1962இல் கலிபோர்னியாவின் கெர்ன் சிட்டியில் நுழைந்தது. சாதாரணப் பென்சில் குறியையும் ஒளியால் படிக்கக்கூடிய வோட்ரானிக் கருவி 1965இல் வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் வென்றது வேறொன்று. அரசியலறிஞர் ஜோசப் ஹாரிஸ் உருவாக்கிய வோட்டோமேட்டிக், அட்டையில் துளையிட்டு வாக்களிக்கும் முறை. 1964இல் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி நாடெங்கும் பரவியது. விலை குறைவு, அட்டை படிக்கும் கணினி ஏற்கெனவே அலுவலகங்களில் இருந்தது. சாவடியிலேயே வைத்து எண்ணும் அளவுக்குச் சிறிய ஸ்கேனர்கள் 1970களின் நடுவில்தான் விற்பனைக்கு வந்தன. பிறகு ஆப்டெக், அக்யுவோட் போன்ற கருவிகள் மாவட்டம் மாவட்டமாக இடம்பிடித்தன. சிலவற்றில் வாக்காளர் நீள்வட்டத்தை நிரப்ப வேண்டும், சிலவற்றில் அம்புக்குறியின் விடுபட்ட நடுப்பகுதியைக் கோடிட்டு இணைக்க வேண்டும்.

காட்ஸ்டனும் லியானும்

2000 அதிபர் தேர்தலில் புளோரிடாவை ஜார்ஜ் புஷ் 537 வாக்கு வேறுபாட்டில் வென்றார். துளை அட்டையில் பாதி கிழிந்து தொங்கிய காகிதத் துணுக்குகளை அதிகாரிகள் பூதக்கண்ணாடியால் உற்றுப்பார்க்கும் படங்கள் உலகெங்கும் வெளிவந்தன. அந்தப் படங்களின் மறைவில், என் கருத்தில் அவற்றைவிட முக்கியமான ஒரு செய்தி புதைந்துபோனது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மாவட்டங்கள் காட்ஸ்டனும் லியானும். இரண்டிலும் தாள்தான், ஸ்கேனர்தான். கறுப்பினத்தார் பெரும்பான்மையாக வாழும் காட்ஸ்டனில் 100க்கு 12க்கு மேற்பட்ட சீட்டுகள் அதிபர் வாக்கில் செல்லாதவை ஆயின. தலைநகர் டலஹாசி அமைந்த லியானில் 1000க்கு 2 சீட்டுகூட வீணாகவில்லை.

காட்ஸ்டனில் வேட்பாளர் பட்டியல் இரண்டு பத்திகளாக அச்சாகியிருந்தது. பத்திக்கு ஒன்று என்று எண்ணிப் பலர் இரண்டு பெயர்களைக் குறித்துவிட்டார்கள். சீட்டு மையத்தில் எண்ணப்பட்டதால், பிழை தெரியவரும்போது வாக்காளர் வீடு போய்ச் சேர்ந்திருந்தார். லியானில் சாவடியிலேயே கருவி இருந்தது. அதிகப்படியான குறி இருந்தால் சீட்டை அது திருப்பித் தள்ளியது, வாக்காளர் புதுச் சீட்டு வாங்கித் திருத்திக்கொண்டார். குறையை வாக்காளரின் கல்வி மீதோ கவனத்தின் மீதோ சுமத்துவது எளிது. தவறைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு ஓர் ஊருக்குக் கிடைத்தது, அடுத்த ஊருக்குக் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

2002 அக்டோபரில் கையெழுத்தான 'அமெரிக்கா வாக்களிக்க உதவும் சட்டம்' இந்த இரண்டாம் வாய்ப்பைச் சட்டத்தில் சேர்த்தது. துளை அட்டைகளையும் நெம்புகோல் இயந்திரங்களையும் மாற்ற மாநிலங்களுக்குப் பணமும் தந்தது. அந்தப் பணத்தில் பல மாநிலங்கள் தாளே இல்லாத தொடுதிரைகளை வாங்கின. 2006இல் புளோரிடாவின் சரசோட்டா மாவட்டத்தில், நாடாளுமன்றத் தொகுதிக்கான போட்டியில் மட்டும் ஏறத்தாழ 18,000 தொடுதிரை வாக்குகள் வெறுமையாகப் பதிவாயின. வெற்றி வேறுபாடு 369. திறந்து பார்க்கத் தாள் இல்லை. அடுத்த ஆண்டே புளோரிடா தாளுக்கும் ஸ்கேனருக்கும் திரும்பச் சட்டம் இயற்றியது.

சுழியத் தாளும் அதன் எல்லையும்

சாவடி திறக்குமுன் கருவியை இயக்கி, எல்லா வேட்பாளருக்கும் சுழியம் என்று காட்டும் அச்சுத் தாளை எடுப்பார்கள். முகவர்கள் அதில் கையெழுத்திடுவார்கள். காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டிப் பூட்டுவதற்கு இணையான சடங்கு அது. அந்தச் சடங்கை நம்பலாமா என்ற ஐயம் 2000 தேர்தல் இரவிலேயே எழுந்திருக்க வேண்டும். புளோரிடாவின் வோலூசியா மாவட்டத்தில் 216ஆம் எண் சாவடியின் நினைவட்டை, புஷ்ஷை எதிர்த்து நின்ற அல் கோருக்குக் கழித்தல் 16,022 வாக்குகளை அனுப்பியது. அந்தச் சாவடியில் பதிவான வாக்காளர்களே 600 பேருக்குள்தான். தவறு அன்றிரவே பிடிபட்டது. தாள்கள் பெட்டியில் இருந்ததால் மாவட்டம் அவற்றைக் கையால் எண்ணி முடித்தது.

ஐந்தாண்டு கழித்து, 2005 டிசம்பரில், லியான் மாவட்டத் தேர்தல் அதிகாரி ஐயான் சாஞ்சோ ஒரு சோதனைக்கு அனுமதி தந்தார். தன் கையில் உள்ள கருவியின் குறையை வெளியார் ஒருவர் ஊரறியக் காட்ட இடங்கொடுப்பது எந்த அதிகாரிக்கும் எளிதல்ல, அந்தத் துணிவை நினைவில் வைக்க வேண்டும். ஃபின்லாந்துக் கணினி வல்லுநர் ஹர்ரி ஹுர்ஸ்டி நினைவட்டையை மட்டும் மாற்றி எழுதினார். இந்தக் கருவியின் வாக்குகளை நினைவட்டை மூலம் திருத்த முடியுமா என்பதே சோதனைச் சீட்டில் இருந்த கேள்வி. எட்டுப் பேர் வாக்களித்தார்கள்: ஆம் 2, இல்லை 6. கருவி அச்சிட்ட முடிவோ ஆம் 7, இல்லை 1. அட்டையில் ஒரு பக்கம் கூட்டல் 5, மறுபக்கம் கழித்தல் 5 முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. மொத்தம் மாறவில்லை. வாக்களிக்குமுன் எடுத்த சுழியத் தாளும் ஒழுங்காகச் சுழியத்தையே காட்டியது. எட்டுச் சீட்டுகளைக் கையால் எண்ணினால் மட்டுமே மோசடி தெரியும் நிலை.

பிலிப்பைன்ஸ்: ஆசிரியரின் கையிலிருந்து கருவிக்கு

இந்த முறையை ஒரு நாடு முழுவதற்கும் ஒரே நாளில் கொண்டுவந்தது பிலிப்பைன்ஸ். அதற்கான தேவை அமெரிக்காவில் இருந்ததைவிட ஆழமானது. அதுவரை அங்கே வாக்காளர் வெற்றுச் சீட்டில் தான் தேர்ந்தவர்களின் பெயர்களைத் தானே எழுத வேண்டியிருந்தது. அதிபர் முதல் ஊர்மன்ற உறுப்பினர் வரை ஏறத்தாழ 30 பெயர்கள். பள்ளி ஆசிரியர்களே சாவடி அலுவலர்கள். மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சீட்டாக உரக்கப் படித்து, சுவரில் ஒட்டிய தாளில் கோடு கோடாகப் போட்டு, நள்ளிரவு தாண்டியும் எண்ணுவார்கள். பெட்டியைப் பறிக்க ஆயுதத்தோடு வருபவர்களையும் அவர்களே எதிர்கொண்டார்கள். 2007 மே மாதம் பதங்காஸ் மாகாணத்தின் தாய்சான் ஊரில் பள்ளிக்கூடத்துச் சாவடிக்குத் தீ வைக்கப்பட்டபோது ஆசிரியை ஒருவர் உயிரிழந்தார்.

சாவடியில் எண்ணியது முடிவல்ல. அந்தக் கணக்கு ஊராட்சி, மாகாணம், தலைநகர் என்று படிப்படியாக ஏறும்போது ஒருவருடைய எண்ணிக்கை குறைந்து மற்றொருவருடையது கூடும். இதற்கு மக்கள் வைத்த பெயர் 'டக்டக்-பாவாஸ்', அதாவது கூட்டல்-கழித்தல். 2004 தேர்தல் எண்ணிக்கையின்போது தேர்தல் அதிகாரி ஒருவரிடம் தொலைபேசியில் பேசியதை ஒப்புக்கொண்டு, அதிபர் அரோயோ 2005இல் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

தேர்தலை இயந்திரமயமாக்கும் சட்டம் 1997லேயே வந்திருந்தது. கருவிகள் வாங்கும் ஒப்பந்தம் ஒன்றை உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரியில் செல்லாது என்று தள்ளியது. 2007இல் சட்டம் திருத்தப்பட்டு, 2009இல் ஸ்மார்ட்மேட்டிக் நிறுவனக் கூட்டமைப்போடு 720 கோடி பெசோவுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. 82,000 கருவிகள் வாடகைக்கு வந்தன. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மக்கள் அவற்றை 'பீகாஸ்' என்றார்கள்.

2010 மே 10 வாக்குப்பதிவு. அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 3இல் சாவடிகளில் சோதனை நடந்தது: பத்துச் சீட்டுகளைக் கருவியில் விட்டு, கையாலும் எண்ணி ஒப்பிட வேண்டும். பல இடங்களில் கணக்கு ஒத்துவரவில்லை. உள்ளூர்ப் பதவிகளுக்கான பக்கத்தில் வரிகளுக்கு இடையே அச்சாகியிருந்த இடைவெளியும் கருவிக்குச் சொல்லப்பட்ட இடைவெளியும் வேறு வேறு. 76,000 நினைவட்டைகளைத் திரும்பப் பெற்று, ஆயிரக்கணக்கான தீவுகள் கொண்ட நாட்டில் ஒரே வாரத்தில் புதியவற்றை அனுப்ப வேண்டியதாயிற்று. வெறும் பத்துச் சீட்டுகளின் கையெண்ணிக்கை அந்தத் தேர்தலைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகாது.

வாக்குப்பதிவு நாளின் நடைமுறை இது. காலையில் சுழிய அறிக்கை. வாக்காளருக்கு இரண்டடிக்கு மேல் நீளமான, எல்லாப் பெயர்களும் அச்சிட்ட சீட்டு. நீள்வட்டத்தை நிரப்பி, உறைக்குள் மறைத்து எடுத்துவந்து, அவரே கருவிக்குள் விட வேண்டும். திரையில் வாக்கு பதிவானதாக ஒரு வாழ்த்துச் செய்தி வரும். வாக்குப்பதிவு முடிந்ததும் முதலில் முடிவு அறிக்கையின் எட்டுப் படிகள் அச்சாகும், அவை கட்சிகளுக்கும் கண்காணிப்பு அமைப்புகளுக்கும் சாவடிச் சுவருக்கும் போகும். அதற்குப் பிறகே முடிவு தொலைத்தொடர்பு வழியே மேலே அனுப்பப்படும். அனுப்பியபின் மீதி 22 படிகள். இந்த வரிசையில்தான் கூட்டல்-கழித்தலுக்கான மருந்து இருக்கிறது. முடிவு சாவடியை விட்டுக் கிளம்புமுன்பே தாளில் பலர் கைக்குப் போய்விட்டால், மேலே யாரும் எண்ணை மாற்றி மறைக்க முடியாது.

முன்பு வாரக்கணக்கில் நீண்ட எண்ணிக்கை இம்முறை மறுநாளே தெளிவான போக்கைக் காட்டியது. ஆயினும் சில காப்புகள் கைவிடப்பட்டிருந்தன. சீட்டின் புறஊதா அடையாளத்தைக் கருவி சரிபார்ப்பது நிறுத்தப்பட்டு, கைவிளக்கு கொடுக்கப்பட்டது. தன் சீட்டைக் கருவி எப்படிப் படித்தது என்று வாக்காளருக்குக் காட்டும் வசதியும் அணைக்கப்பட்டிருந்தது. வாழ்த்துச் செய்தி மட்டும் போதுமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிற்று. 2016 மார்ச் 8இல் உச்ச நீதிமன்றம், கருவி படித்ததை ஒவ்வொரு வாக்காளருக்கும் ரசீதாக அச்சிட்டுக் காட்ட ஆணையிட்டது. வாக்காளர் அதைப் பார்த்துவிட்டுத் தனிப் பெட்டியில் போட வேண்டும், வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது. எடுத்துச் சென்றால் விலைபோன வாக்குக்கு அதுவே சான்றாகிவிடும்.

பிலிப்பைன்ஸுக்குப் பின் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் 2018 ஜூன் தேர்தலில் இம்முறைக்கு மாறியது. ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் வாழும் ஈழத் தமிழர் பலர் மாகாணத் தேர்தலில் தங்கள் சீட்டு ஸ்கேனருக்குள் செல்வதைக் கண்டது அப்போதுதான்.

கருவி நிற்கும்போது

தாள் ஈரமானால் கருவி சிக்கும். 2018 நவம்பர் தேர்தல் நாளில் நியூயார்க் நகரில் மழை. சீட்டோ இரண்டு தாள் கொண்டது. நனைந்த கைகளோடும் உடைகளோடும் வந்தவர்களின் சீட்டுகள் ஸ்கேனர்களை அடைத்து, வரிசை தெருவரை நீண்டது. இப்படிப்பட்ட நேரத்துக்காகவே கருவியின் பெட்டியில் தனியாக ஓர் அவசர அறை வைத்திருப்பார்கள். எண்ணப்படாத சீட்டு அதில் காத்திருக்கும், கருவி சரியானபின் முகவர்கள் முன்னிலையில் உள்ளே விடப்படும். வாக்களித்தோர் கையேட்டுக் கணக்கும், கருவி காட்டும் சீட்டுக் கணக்கும், அவசர அறையின் கணக்கும் இரவில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். களைத்த அலுவலர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தாளைத் திரும்ப எண்ணுதல்

ஒரு சிறு பகுதியைக் கையால் எண்ணி ஒப்பிடும் விதி கலிபோர்னியாவில் 1965இலிருந்தே உண்டு: சாவடிகளில் 100க்கு 1. பிலிப்பைன்ஸ் சட்டம் ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் எடுத்த சாவடியின் சீட்டுகளைக் கையால் எண்ணச் சொல்கிறது. முழுமையான கையெண்ணிக்கைக்கு மின்னசோட்டாவின் 2008 செனட் தேர்தல் எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 29 லட்சம் சீட்டுகள். முதல் கணக்கில் நார்ம் கோல்மன் 215 வாக்கு முன்னிலையில் இருந்தார். கையால் எண்ணி, வழக்கும் முடிந்தபோது ஆல் ஃபிராங்கன் 312 வாக்கில் வென்றிருந்தார். வட்டத்தை நிரப்பாமல் பக்கத்தில் குறியிட்டவர்களின் எண்ணத்தைக் கருவியால் அறிய முடியவில்லை, மனிதக் கண்ணால் முடிந்தது.

எத்தனை சீட்டு பார்த்தால் போதும் என்பதற்குப் புள்ளியியல் விடை தந்தவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிலிப் ஸ்டார்க். 2008ஐ ஒட்டி அவர் வகுத்த தணிக்கையில், வெற்றி வேறுபாடு பெரிதாயின் சில நூறு சீட்டுகளே போதும், வேறுபாடு சிறிதாகச் சிறிதாக எண்ண வேண்டியது கூடும். கொலராடோ 2017இல் அதை மாநிலம் முழுவதும் நடத்தியது. 2020இல் ஜார்ஜியாவில் அதிபர் வாக்கின் வேறுபாடு மிகச் சிறிது என்பதால் ஏறத்தாழ 50 லட்சம் சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். வெற்றியாளர் மாறவில்லை. ஆனால் ஃபிளாய்ட் மாவட்டத்தில் ஸ்கேனர் பழுதானபோது ஒதுக்கிவைத்து, மீண்டும் கருவியில் விடாமலே விட்டுப்போன 2,500க்கும் மேற்பட்ட சீட்டுகள் வெளிப்பட்டன. ஃபாயெட் மாவட்டத்தில், வாக்குகளைச் சரியாகப் படித்து முடித்தும் மையக் கணினியில் ஏற்றப்படாமல் கிடந்த ஒரு நினைவட்டை கிடைத்தது. இரண்டு மாவட்டங்களின் வாக்குகளும் கணக்கில் சேர்க்கப்பட்டன.