நேச நாடுகளின் இரகசியமும் பிளொக்செயின் ஏடும்

இராணுவக் கூட்டணிகளில் இணைந்துள்ள நாடுகள் தம்மிடையே பரிமாறிக்கொள்ளும் தகவல்களைப் பாதுகாப்பதற்குப் பிளொக்செயின் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தலாம் என்ற கருத்து மேற்குலகில் சில ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகின்றது. அதனால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

இம்முறையில் ஒவ்வொரு பதிவுக்கும் கணித அடிப்படையில் ஓர் எண் முத்திரை இடப்படும். அடுத்து வரும் பதிவு, முன்னையதன் முத்திரையையும் தன்னுள் கொண்டிருக்கும். ஏட்டின் பிரதிகள் பங்காளி நாடுகள் அனைத்திடமும் இருக்கும். பழைய பதிவொன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரைகள் பொருந்தாமற் போய்விடும். எனவே, தகவலைத் தந்தவர் யார், பார்த்தவர் யார் என்ற பதிவை எந்தவொரு நாடும் தனித்து, பிறர் அறியாமல் அழித்துவிட இயலாது.

இதற்கு எஸ்தோனியா நல்லதோர் உதாரணமாகும். 2007 ஆம் ஆண்டில் அந்நாட்டின் நாடாளுமன்றம், வங்கிகள், பத்திரிகைகள் ஆகியவற்றின் இணையத்தளங்கள் தொடர் தாக்குதல்களால் முடங்கின. மறு ஆண்டே நேட்டோவுடன் இணைந்த இணையப் பாதுகாப்பு நிலையம் தலைநகர் தாலினில் அமைந்தது. 2012 முதல் எஸ்தோனியா தனது சுகாதார, நீதித்துறைப் பதிவேடுகளைக் காப்பதற்கு இத்தகைய முத்திரைத் தொடரைப் பயன்படுத்தி வருகின்றது. அத்தொடரில் ஆவணம் சேர்க்கப்படுவதில்லை. அதன் முத்திரை மாத்திரமே சேர்க்கப்படுகின்றது. இராணுவ இரகசியங்களுக்கும் இதுவே பொருத்தமான வழியாகும்.

ஆயினும், ஏடு காப்பது பதிவை மட்டுமே, மனிதரை அல்ல. 2023 இல் அமெரிக்க விமானப்படையின் தேசியக் காவற்பிரிவைச் சேர்ந்த 21 வயது இளைஞர் ஜக் டெக்ஸீரா, உக்ரெய்ன் போர் தொடர்பானவை உள்ளிட்ட இரகசிய ஆவணங்களை இணைய அரட்டைக் குழுவொன்றில் வெளியிட்டமைக்காகக் கைது செய்யப்பட்டார். அவர் பூட்டை உடைத்து உள்ளே சென்றவரல்லர், அனுமதி பெற்றிருந்தவர். ஏடு அவரது வருகையைப் பதிந்திருக்கும். அவரது கையைத் தடுத்திராது.

அதனினும் பாரதூரமானது பொய்த்தகவலாகும். ஈராக்கில் நடமாடும் உயிரியல் ஆயுதக்கூடங்கள் உள்ளன என ஜேர்மனியில் தஞ்சமடைந்திருந்த ஈராக்கியர் ஒருவர் கூறியதை, ஜேர்மனியப் புலனாய்வுத்துறை அமெரிக்காவுக்கு வழங்கியது. 2003 பெப்ரவரி 5 ஆம் திகதி அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் அதனை ஐ.நா. பாதுகாப்புச் சபையில் முன்வைத்தார். அடுத்த மாதமே போர் மூண்டது. அத்தகைய ஆயுதக்கூடங்கள் எவையும் கண்டுபிடிக்கப்படவில்லை. அன்று பிளொக்செயின் ஏடு இருந்திருப்பின், அப்பொய்யையும் எழுத்துப் பிசகாமற் காத்திருக்கும்.

மாற்றப்படாத தகவல் வேறு; உண்மையான தகவல் வேறு. முன்னதை இயந்திரம் உறுதிசெய்யும். பின்னதை ஆராய்ந்து தெளிவது மனிதரின் கடமையாகும். அக்கடமை தவறியதன் விலையைச் செலுத்தியவர்கள் ஈராக்கின் அப்பாவி மக்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது.