பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது... உங்களுக்கு மட்டும் கேட்கும்!

டார்ச் அடித்தால் வெளிச்சம் நேராகப் போகிறது. ஆனா ஸ்பீக்கரைப் போட்டால் மட்டும் சத்தம் தெருவுக்கே கேட்குதே, ஏன்?

எல்லாம் அலைநீளம் செய்யும் வேலை. நம் காதுக்குக் கேட்பது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை, காற்றில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஸ்பீக்கரின் அகலத்தைவிட அலை நீளமாக இருந்தால், ஒலி நாலாபக்கமும் பரவிவிடும். காதுக்கே கேட்காத அல்ட்ராசவுண்டின் அலையோ சில மில்லிமீட்டர்தான். அதனால் அது டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும்.

'கேட்காத ஒலியை வெச்சு என்ன பண்றது?' என்கிறீர்களா? இங்கேதான் காற்று கைகொடுக்கிறது. பேச்சையோ பாட்டையோ அல்ட்ராசவுண்டின் மேல் ஏற்றி அனுப்பினால், போகிற வழியில் காற்றே அந்த அலையின் வடிவத்தை மாற்றி, நமக்குக் கேட்கும் ஒலியை உருவாக்கிவிடும். இதன் கோட்பாட்டை 1960-களில் விளக்கியவர், அமெரிக்க இயற்பியலாளர் பீட்டர் வெஸ்டர்வெல்ட். பிறகு எம்.ஐ.டி-யில் ஆய்வு செய்த ஜோசப் பாம்பே, இதை 'ஆடியோ ஸ்பாட்லைட்' என்ற கருவியாக்கினார்.

எங்கே பயன்படும்?

அருங்காட்சியகத்தில் ஒரு ஓவியத்தின் முன்னால் நின்றால், அதற்கான விளக்கம் உங்களுக்கு மட்டும் கேட்கும். கொஞ்சம் தள்ளிப்போனால் அமைதி. ஹெட்போனே வேண்டாம். ஒரே குறை, பேஸ் எடுபடாது. குத்துப்பாட்டு ரசிகர்கள் மன்னிக்கவும்!

சிக்கல் எங்கே?

2007-ல் நியூயார்க்கின் சோஹோ பகுதியில், 'பாராநார்மல் ஸ்டேட்' என்ற அமானுஷ்ய டி.வி நிகழ்ச்சிக்கு விளம்பரப் பலகை வைத்தார்கள். அந்த வழியாக நடந்துபோனவர்களின் காதில் மட்டும், 'யாரது?' என்று ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. சிலர் ரசித்தார்கள். சிலரோ, 'என்னைக் கேட்காம என் காதுக்குள்ள எப்படி வரலாம்?' என்று கொதித்தார்கள்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். பிடிக்காத போஸ்டரைப் பார்க்காமல் போகலாம். காதுக்கு ஏது இமை? ஊருக்கே கேட்கும் சத்தம் என்றால் நாலு பேர் சேர்ந்து புகார் கொடுக்கலாம். உங்களுக்கு மட்டும் கேட்ட சத்தத்துக்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள்?

கூட்டத்தைக் கலைக்க போலீஸ் பயன்படுத்தும் 'எல்ராட்' கருவியையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது, கேட்கும் ஒலியையே மிக உரக்க ஒரு திசையில் பாய்ச்சுவது. அருகில் நின்றால் கேட்கும் திறனே பாதிக்கப்படலாம்.

ஆக, எங்காவது திடீரென்று ஒரு குரல் உங்களுக்கு மட்டும் கேட்டால் பயப்படாதீங்க. ரெண்டு எட்டு தள்ளி நின்று, தலைக்கு மேலே பாருங்கள். தட்டையான ஒரு பலகை தொங்கினால், குரல் அங்கிருந்துதான் வந்திருக்கும்!