அலுமினிய உடம்பு, இரும்பு எலும்பு

பழைய லேண்ட் ரோவர் வாங்கப் போகிற புது ஆளுக்கு, விஷயம் தெரிந்தவர்கள் கொடுக்கும் முதல் அறிவுரை: கீழே படு. ஒரு சாக்கை விரித்து, கையில் டார்ச்சும் சின்னச் சுத்தியலும் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். சேஸிஸை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு ‘டிங்’ என்று பதில் சொல்லும். உள்ளே அரித்துப்போனது ‘தொப்’ என்று சொல்லும். புதுசாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் இரண்டு முறை தட்ட வேண்டும். மேலே பாடி எப்படிப் பளபளக்கிறது, சீட் எந்தக் கலர் என்பதெல்லாம் அப்புறம்தான்.

இந்த வண்டியின் உடம்பு துருப்பிடிக்காது, எலும்பு துருப்பிடிக்கும். மேலே எல்லாம் அலுமினியக் கலவை, கீழே எஃகு. இப்படி ஒரு விநோதமான பிறவி எப்படி உண்டானது என்று தெரிந்தால்தான் இன்று இதை வாங்குகிறவர் எதை வாங்குகிறார் என்பது புரியும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பிரிட்டன் ஜெயித்த நாடாக இருந்தது, கையில் காசில்லாத நாடாகவும் இருந்தது. எஃகுக்கு ரேஷன். ஏற்றுமதி செய்து டாலர் கொண்டுவருகிற கம்பெனிக்குத்தான் எஃகு ஒதுக்கீடு. ரோவர் கம்பெனி அதுவரை செய்துகொண்டிருந்தது வசதியான வீட்டு மனிதர்களின் கார். அதை அப்போது வாங்க ஆளில்லை. கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸில் ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே அவர் போரில் மிஞ்சிய அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லா வேலையும் செய்துகொண்டிருந்தார். இது உழைத்துத் தேய்ந்துவிட்டால் அடுத்து என்ன வாங்குவாய் என்று அண்ணன் ஸ்பென்சர் கேட்டாராம். இன்னொரு ஜீப்தான், வேறென்ன இருக்கிறது என்று தம்பி சொன்னாராம். கடற்கரை மணலில் புது வண்டியின் வடிவத்தைக் கோடு போட்டுக் காட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. கம்பெனிக் கதைகளில் மணல் எப்போதும் வசதியாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால் 1947-இல் செய்த முதல் மாதிரி வண்டி ஜீப்பின் சேஸிஸ் மீதே கட்டப்பட்டது, ஸ்டீயரிங் நட்டநடுவில் இருந்தது என்பது கதை அல்ல, நடந்தது.

எஃகு இல்லை, அலுமினியம் இருந்தது. விமானத் தொழிற்சாலைகள் போர் முடிந்து ஓய்ந்திருந்த காலம். பாடி ‘பர்மாபிரைட்’ என்ற அலுமினியக் கலவைத் தகடுகளால் ஆனது. பெரிய அச்சுக் கருவிகளுக்குப் பணமில்லாததால் தகடுகளைக் கையாலேயே நேர்கோட்டில் மடித்தார்கள். அந்தப் பெட்டி வடிவம் அழகுக்காக வந்ததல்ல. முதல் வண்டிகளின் இளம்பச்சை நிறம்கூட ராணுவ விமானங்களுக்கு வாங்கி மிஞ்சிய பெயின்ட். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டியை நிறுத்தினார்கள். விலை 450 பவுண்டு. இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு மறுபடி கார் வியாபாரத்துக்குத் திரும்பிவிடலாம் என்பது திட்டம். அந்த இடைக்கால ஏற்பாடு கடைசியில் 2016 ஜனவரி 29 வரை சோலிஹல் ஆலையில் ஓடியது.

அலுமினியமும் எஃகும் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் இரண்டுக்கும் நடுவே மின்வேதி வினை நடந்து, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பெட்டி போன்ற சேஸிஸ் குழலுக்குள் சேறு புகுந்து உட்கார்ந்தால் எஃகு உள்ளிருந்து அரிக்கும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், டிரைவர் காலுக்கு முன்னால் இருக்கும் எஃகுத் தடுப்பு, கதவுச் சட்டங்கள் இவைதான் முதலில் போகும். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள், அது இன்னும் மோசம். அதனால்தான் ஸ்பெயின், போர்ச்சுகல், தென்னாப்பிரிக்கா மாதிரி வறண்ட ஊர் வண்டிக்கு மதிப்பு அதிகம்.

சரி, இப்போது அமெரிக்கா. இறக்குமதிப் பழைய வண்டி என்ற மோகத்துக்குச் சட்டம் ஒரு வயது வரம்பு போட்ட இடம் அது. 1980-களில் ஐரோப்பியக் கார்களைத் தனியாட்கள் நேரடியாக அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, அங்கீகாரம் பெற்ற கடையை விடக் குறைந்த விலைக்கு விற்றார்கள். கம்பெனிகளும் அவற்றின் டீலர்களும் சும்மா இருப்பார்களா? 1988-இல் புதுச் சட்டம் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பச் செய்யப்படாத வண்டியைத் தனியாள் கொண்டுவருவது ஏறக்குறைய முடியாத காரியம் ஆனது. ஆனால் 25 வயது நிரம்பிய வண்டிக்கு விலக்கு. 25 வருடப் பழசை யார் வாங்கப் போகிறார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கலாம்.

இந்தப் பழைய வகை லேண்ட் ரோவர் டிஃபென்டர் அமெரிக்கச் சந்தையில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டது 1993 முதல் 1997 வரை மட்டுமே. ஏர்பேக் கட்டாயமானதும் நின்றுபோனது. ஐந்து வருடம் காட்டிவிட்டுப் பறித்துக்கொண்ட பொம்மை மாதிரி. அதன் பிறகு அந்தப் பழைய வகை டிஃபென்டரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்றால் வழி, அங்கே ஓடிய ஒரு வண்டிக்கு 25 வயது ஆகும்வரை காத்திருப்பது. வயது எண்ணப்படுவது தயாரிக்கப்பட்ட தேதியிலிருந்து. ஒரு மாதம் முன்னால் கப்பல் ஏற்றினால் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும். அந்தத் தேதியை நிரூபிக்க, கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். ஜாதகம் எழுதி வாங்குகிற மாதிரிதான்.

வரியிலும் ஒரு கூத்து உண்டு. பயணிகள் காருக்கு நீண்ட காலம் இறக்குமதி வரி 2.5 சதவீதம், சரக்கு வண்டிக்கு 25 சதவீதம். இந்த 25-க்குக் காரணம் கோழி. 1960-களில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக வந்தது அது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்தது, வரி நின்றுவிட்டது. பின்னால் சீட் இருக்கிற டிஃபென்டரா, சரக்குப் பெட்டி இருக்கிற டிஃபென்டரா என்று பார்க்காமல் வாங்கிய புது ஆட்கள் துறைமுகத்தில்தான் இந்தச் சரித்திரத்தைப் படித்தார்கள்.

வயது வரம்பு இருக்கும் இடத்தில் வயதைத் திருத்துகிறவர்களும் வருவார்கள். 1995-இல் செய்த வண்டிக்கு 1985 வண்டியின் தகடும் காகிதமும் ஏறியது. எப்படி முடிந்தது என்றால், இந்த வண்டி ஒரு மெக்கானோ செட். போல்ட்டைக் கழற்றினால் எல்லாம் வரும். பழைய வண்டியில் புது எஞ்சின் இருப்பது உலகம் முழுக்கச் சாதாரணம். ‘எஞ்சினை மாத்தினோம் சார், அவ்ளோதான்’ என்று விற்பவர் சொன்னால் அது பொய் என்று சொல்ல வழியில்லை. டேஷ்போர்டு, கதவு, கியர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் அதே பதில்.

2013-இல் அமெரிக்கச் சுங்கத்துறை அப்படிப் பிடித்த ஒரு டிஃபென்டரை இயந்திரத்தில் போட்டு நசுக்கியது. அதை வீடியோவாகவும் வெளியிட்டது. அடுத்த வருடம் ஜூலையில் அதிகாரிகள் பல மாநிலங்களில் வீட்டு வாசல்களுக்குப் போய் சுமார் 40 வண்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். உரிமையாளர்களில் பலர் முறையாகப் பணம் கொடுத்து, பதிவு செய்து, வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். வழக்குப் போட்டுப் போராடிய பலருக்கு அடுத்த ஆண்டு வண்டி திரும்பி வந்தது.

இங்கேதான் எனக்கு இந்த விவகாரம் சுவாரசியமாகிறது. அதிகாரிகள் தேடியது ஒரு எண்ணை. டிஃபென்டரின் எண் வலதுபக்க முன் சேஸிஸ் சட்டத்தில் குத்தப்பட்டிருக்கும், தகட்டிலும் இருக்கும். இரண்டும் காகிதமும் ஒன்றாக இருந்தால் அந்த வண்டி ‘அந்த வண்டி’. ஆனால் அந்தச் சேஸிஸ்தான் முதலில் அழுகிப்போகிற உறுப்பு! பிரிட்டன் பதிவுத்துறை இதற்காகப் பல ஆண்டுகள் ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தது. அசல் சேஸிஸ் இருந்தாலோ, அதே அளவில் புதுசு போட்டிருந்தாலோ 5. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. மொத்தம் 8 வாங்கினால் பழைய பதிவெண் உன்னுடையது. நாம் வண்டியின் இதயம் என்று சொல்லும் எஞ்சினுக்குச் சட்டத்தில் இவ்வளவுதான் மரியாதை. நாகமுலாம் பூசிய புதுச் சேஸிஸ் மீது பழைய உடம்பை இறக்கி வைப்பது ஒரு பெரிய தொழிலாகவே நடக்கிறது. அப்படிச் செய்த வண்டி பழசா, புதுசா? காகிதம் பழசு என்கிறது.

ஆகவே புது ஆளுக்கு இரண்டாவது அறிவுரை: சுத்தியலை வைத்துவிட்டுப் படி. பிரிட்டன் வண்டி என்றால் வருடாந்திரத் தகுதிச் சோதனையின் பழைய முடிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எந்த வருடம் எந்தச் சட்டத்தில் துரு என்று சோதித்தவர் எழுதியிருப்பார், அடுத்த வருடமே அது காணாமல் போயிருந்தால் அங்கே ஒட்டு வேலை நடந்திருக்கிறது. கிலோமீட்டர் திடீரென்று குறைந்திருந்தால் அதுவும் தெரியும்.

வாங்கிய பிறகு என்ன? டீசல் எஞ்சின் வண்டிகளில் 200, 300 டிடிஐ வகைகளுக்கு டைமிங் பெல்ட் உண்டு. அதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால் முதல் வாரமே மாற்றிவிடுவது நல்லது, அறுந்தால் எஞ்சின் உள்ளேயே மோதிக்கொள்ளும். 1983-க்குப் பிந்தைய வண்டிகளில் நான்கு சக்கரமும் எப்போதும் சுழலும். நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் நெம்புகோலைச் சேற்றில் போடலாம், காய்ந்த தார் ரோட்டில் போட்டால் உள்ளே இறுக்கம் ஏறிக் கியர் உடையும். மழை உள்ளே வரும். வலது முழங்கை கதவில் இடிக்கும். ஆயில் கசியும். ‘ஆயில் ஒழுகலைன்னா உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம்’ என்று உலகம் முழுக்க ஒரு ஜோக் உண்டு. அது பாதிதான் ஜோக்.

இந்த வண்டி நம் பக்கமும் வந்தது. 1955-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இளைஞர்கள் 6 பேர் இரண்டு சீரிஸ் ஒன் லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, இந்தியா, பர்மா வழியாக 1956-இல் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். ‘ஆக்ஸ்போர்டு’ என்ற வண்டி பிற்பாடு தென் அட்லாண்டிக்கில், நெப்போலியனைச் சிறை வைத்த செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. ரொம்ப காலம் கழித்து ஒருவர் அதை வாங்கி பிரிட்டனுக்குக் கொண்டுவந்து பழுது பார்த்தார். 2019-இல் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓடியது. முதல் பயணத்தில் போன டிம் ஸ்லெசருக்கு உடம்பு முடியாமல் போக, பேரன் ஓட்டினான்.

இங்கேயே தங்கிவிட்டவையும் உண்டு. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சங் என்ற சிற்றூரிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்பூவுக்கு, 1950-களின் லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாக டாக்ஸியாக ஏறி இறங்கின. வெள்ளைக்காரத் தேயிலைத் தோட்ட முதலாளிகள் விட்டுப்போன வண்டிகள். உதிரிபாகம் கிடைக்காதபோது உள்ளூர்ப் பட்டறைகள் அடித்துச் செய்துகொடுத்தன. பலவற்றில் இப்போது ஓடுவது மஹிந்திரா டீசல் எஞ்சின்.

2021-இல் இந்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வயது நிரம்பியிருக்க வேண்டும், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விடக்கூடாது. சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அதாவது 60, 70 வருடமாக ஒருநாளும் நிற்காமல் மலையேறிய டாக்ஸி இந்தக் கணக்கில் விண்டேஜ் ஆகாது. ஏசி ஷெட்டில் துணி போர்த்தி நின்ற வண்டி ஆகும்.

நசுக்கும் இயந்திரத்தின் கதை அமெரிக்காவோடு முடிந்ததென்று நினைத்தால், 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை ‘நும்கூர்’ என்ற பெயரில் கேரளாவில் சோதனை நடத்தியது. பூட்டான் மொழியில் நும்கூர் என்றால் வண்டி. பூட்டானிலிருந்து வரி கட்டாமல் எல்லை தாண்டி வந்து, போலிக் காகிதத்தில் பதிவானவை என்று சொல்லிப் பழைய லேண்ட் க்ரூஸர், டிஃபென்டர் என்று முதல் நாளே 30-க்கும் மேற்பட்ட வண்டிகளை எடுத்துப் போனார்கள். வாங்கியவர்களில் சிலர் சொன்னது, 2014-இல் அமெரிக்காவில் பலர் சொன்ன அதே வாக்கியம்தான்: பேப்பர் எல்லாம் சரியா இருந்துச்சே.