சேற்றுப் புண்ணும் சீமை மாத்திரையும்

1869ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களிலே ஓர் இலைநோய் தோன்றியது. பூஞ்சணம் என்று நாம் சொல்லும் பங்கசு வகைகளுள் ஒன்றே அதற்குக் காரணம். இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் துரு படிந்தது. சில பத்தாண்டுகளுக்குள் கோப்பி மாண்டது. அதன் இடத்தில் தேயிலையும், சப்பிரகமுவவின் தாழ்ந்த சரிவுகளில் பின்னர் இறப்பரும் எழுந்தன. அந்நோயை ஆராய்வதற்கென்றே 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியல் அறிஞர் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். 1946இல் தேயிலையைக் கொப்புள நோய் பற்றிற்று. அதுவும் ஒரு பங்கசின் வேலையே. செப்பு மருந்து தெளிப்பதற்கு ஆராய்ச்சியாளரும் தோட்டச் சொந்தக்காரரும் ஒருங்கே முனைந்தனர். கொழுந்து பணமல்லவா? பணத்தைப் பூஞ்சணம் தின்னப் பார்த்திருப்பார்களா?

அக்கொழுந்தைப் பறித்தவளின் கால்விரல் இடுக்கிலும் ஒரு பங்கசு குடியிருந்தது. நாம் படிக்கும் தோட்ட வரலாறுகளில் அதற்கு இடமில்லை.

சப்பிரகமுவ ஈரத்தின் நாடு. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. காவத்தையிலும் இறக்குவானையிலும் மழையில் தோய்ந்த தேயிலைச் செடிகளுக்கிடையே இடுப்பில் படங்கு கட்டிப் பெண்கள் நிற்கிறார்கள். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பகுதிகளில் பால்வெட்டும் தொழிலாளி விடியற்காலையிலேயே ஈரப் புல்லிலும் சேற்றிலும் இறங்குகிறான். படங்கின் அடியில் வியர்வை, காலில் சேறு. மாலையில் திரும்பினால், காற்றோட்டமற்ற லயத்துக் காம்பராவில் எல்லோருடைய துணியும் ஒரே கயிற்றில் காயாமல் தொங்கும். தோலைத் தின்னும் பங்கசுக்கு இதனினும் உகந்த விளைநிலம் வேறுண்டோ?

சேற்றுப் புண், படை, படர்தாமரை என்று மக்கள் அதற்குப் பல பெயர் வைத்தனர். சீமையகத்தி இலையை அரைத்துப் பூசினர். வண்டுகொல்லி என்று அதற்கு இன்னொரு பெயர். சிங்கள மக்கள் எத்தோர என்பர். அது மூடநம்பிக்கையன்று, படையைத் தணிக்கும் சத்து அவ்விலையில் இருக்கிறது. 1872இலும் 1912இலும் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டங்கள் தொழிலாளர் சுகாதாரம் குறித்துத் துரைமார் மீது சில கடமைகளைச் சுமத்தின. தோட்டத்து டிஸ்பென்சரிகள் வந்தன. ஆனால் காய்ச்சலும் வயிற்றுளைவும் கண்டவனையே பெரட்டுக்கு விரட்டிய அந்நாளில், கால் அரிக்கிறது என்று போய் நிற்பவனை நோயாளியென்று யார் மதிப்பார்?

விஞ்ஞானம் இந்நோயை அறியாமலில்லை. 1903 முதல் 1915 வரை கொழும்பில் பணிபுரிந்த இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்தெல்லானி, 1910இல் தொடையிடுக்குப் படையிலிருந்து ஒரு புதிய பங்கசை விவரித்தார். திரைக்கோபைற்றன் ரூப்ரம் என்று இன்று அழைக்கப்படும் அதுவே, மனிதத் தோலைப் பற்றும் பங்கசுகளுள் உலகில் மிகப் பரவலானது. (இதே கஸ்தெல்லானி முசோலினியின் எத்தியோப்பியப் படையெடுப்பிலே சுகாதாரப் பொறுப்பேற்றுச் சென்றவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) நோய்க்குப் பெயர் கிடைத்தது. வெளியே பூசும் களிம்பன்றி மருந்து கிடைக்கவில்லை.

உள்மருந்தால் பங்கசை வெல்லும் முயற்சிக்குக் கொடிய முன்வரலாறு ஒன்றுண்டு. தலையில் படை கண்ட குழந்தைகளுக்கு மயிர் உதிரும்படி தாலியம் என்னும் நஞ்சை வாய்வழியே கொடுத்தார்கள். அளவு சிறிது தவறினும் சாவுதான். 1930இல் ஸ்பெயினின் கிரனாடா நகரத்து அநாதை விடுதியொன்றில் குழந்தைகள் பலர் அவ்வாறு மாண்டனர். மற்றொரு வழி எக்ஸ்கதிர். 1948க்கும் 1960க்கும் இடையில் இஸ்ரேலில் குடியேறிய பல்லாயிரம் பிள்ளைகளின் தலையில் அது பாய்ச்சப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் வட ஆபிரிக்காவிலிருந்து வந்த ஏழைகள். பின்னாளில் அவர்களிடையே கட்டிகளும் புற்றுநோயும் மிகுந்து காணப்பட்டமையால் 1994இல் நட்டஈட்டுச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அநாதைகளும் அகதிகளும்! வேறு யாருடைய பிள்ளைகள் இவ்வளவு எளிதில் கிடைப்பார்கள்?

1939இல் இலண்டனில் ரெய்ஸ்ட்ரிக் முதலிய மூவர் ஒரு பூஞ்சணத்திலிருந்து கிரிசியோபுல்வின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது கிடப்பிற் கிடந்தது. பின்னர், இங்கிலாந்தின் டோர்செற் பகுதிப் பொட்டல்வெளியொன்றில் மரக்கன்றுகள் ஏன் வளரவில்லை என ஆராய்ந்த பிரையன் குழுவினர், அம்மண்ணிலிருந்த ஒரு பூஞ்சணம் பிற பூஞ்சணங்களின் இழைகளைச் சுருளச் செய்வதை 1946இல் வெளியிட்டனர். சுருளச் செய்த பொருள் அதே கிரிசியோபுல்வின் என்பது பின்னரே தெளிவாயிற்று. பயிர்நோய்க்கு மருந்தாகவே அதை முதலில் எண்ணினர். இங்கும் மனிதனை முந்திக்கொண்டது பயிர்தான்! 1958இல் கிளாஸ்கோவில் ஜென்டில்ஸ் என்பவர் படை கண்ட கினியாப் பன்றிகளுக்கு அதை உண்ணக் கொடுத்துக் குணங்கண்டார். ஓராண்டுக்குள் மனிதருக்கும் அது மருந்தாயிற்று. தோற் படைக்கு விழுங்கும் மாத்திரை என்பது அன்று ஒரு புரட்சியே.

அம்மாத்திரை வேலைசெய்யும் விதத்தை அறிந்தாலன்றி அதன் பயன்பாடு விளங்காது. அது பங்கசைக் கொல்வதில்லை. புதிதாய் உருவாகும் தோலிலும் நகத்திலும் படிந்து, பங்கசு அங்கு வளராதபடி தடுக்கிறது. பழைய தோல் உதிர்ந்து புதுத்தோல் மூடும்வரை மருந்தை விடாது உண்ண வேண்டும். உடற் படைக்கு 2 முதல் 4 வாரம். பாதத்துக்கு 4 முதல் 8 வாரம். கால்நகத்துக்கு 6 மாதமும் அதற்கு மேலும். அரிப்பு நின்றுவிடுவதோ முதற் சில நாட்களிலேயே.

மருந்து கொடியதன்று. பெரும்பாலோருக்குத் தலைவலி, குமட்டல் என்பவற்றோடு பக்கவிளைவு முடிந்துவிடும். ஆயினும் மாத்திரையோடு வரும் தாளை வாசித்துப் பாருங்கள். அதன் ஒவ்வொரு வரியும் ஒரு குறிப்பிட்ட வாழ்க்கையை எதிர்பார்க்கிறது. கொழுப்புள்ள உணவோடு உண்க என்கிறது, அப்போதுதான் மருந்து நன்கு உடலிற் சேரும். பெரட்டுக்கு ஓடுபவள் அதைச் சாயத் தேநீரோடு விழுங்குகிறாள். மத்தியானம் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் உண்ணும்போது விழுங்கினால் எவ்வளவோ மேல். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கடும் வெயிலைத் தவிர்க்க என்கிறது, சிலருக்கு இம்மருந்தால் தோல் வெயில் தாங்காது கன்றிவிடும். மலையில் நிற்பவள் எந்த நிழலுக்குப் போவாள்? கருவுற்றவர் உண்ணலாகாது, உண்ணும் காலத்திலும் பின் ஒரு மாதமும் கருத்தரிக்கலாகாது. கணவன் உண்டால் 6 மாதம்வரை பிள்ளைப்பேற்றைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. அத்துடன், கருத்தடை மாத்திரையின் வலுவையும் இது குறைத்துவிடும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையை ஒரு கையாலும் படை மாத்திரையை மறு கையாலும் பெறுகிறவளுக்கு இதை எந்த மொழியில் யார் சொன்னார்கள்? மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். கசிப்புக் குடிக்கும் தொழிலாளிக்குக் கொடுக்குமுன் கேட்க வேண்டாமா? ஈரல் கெட்டவருக்கும், போபிரியா என்னும் பரம்பரை நோயுள்ளவருக்கும் இது விலக்கு. வலிப்புக்குப் பினோபாபிற்றோன் உண்பவருக்கு இம்மருந்து சரிவரப் பலிக்காது.

மருந்தைத் தனியே பிரித்துக் கொடுத்துப் பயனில்லை என்பதை இம்மாகாணம் முன்பே கண்டிருக்கிறது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் கேகாலைப் பகுதியைச் சூறையாடியபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர் அங்குள்ள கிராமங்களுக்கு மருந்தோடு உணவையும் சுமந்து சென்றனர். அந்தத் தொண்டின் பின்னணியிலேயே 1936இல் ருவன்வெல்லத் தொகுதி என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

ஒரு மருந்தின் நன்மை தீமைகளை மக்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? விற்கும் கம்பனியா? மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலே இக்கேள்வியை நேராக எதிர்கொண்டார். அவரும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1971இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று; பிபிலே அதன் முதல் தலைவர். இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தனர். வணிகப் பெயருக்குப் பதில் மருந்தின் இயற்பெயரை முன்வைத்தனர். மருத்துவருக்கு நடுநிலையான தகவல் தருவதும் அவர் திட்டத்தின் ஒரு பகுதி. ஆனால் அத்தகவல் மருத்துவரோடு நின்றது. லயத்துக்குத் தமிழில் இறங்கி வரவில்லை. இது அவர் குறையென்று நான் சொல்லேன். 1977இல் அவர் கயானாவில் காலமானார், திட்டமும் தளர்ந்தது.

அதன்பின் புதிய மருந்துகள் வந்தன. 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கீற்றோகொனசோல் மாத்திரை ஈரலைக் கடுமையாகக் கெடுக்கக்கூடும் என்று கண்டு, 2013 ஜூலையில் ஐரோப்பிய மருந்து முகாமை அதன் விற்பனையை நிறுத்தப் பரிந்துரைத்தது. அமெரிக்காவும் தோல், நக நோய்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாமென எச்சரித்தது. 32 ஆண்டுகள்! தேர்பினபின் அதனினும் நல்ல மருந்து. கால்நகத்துக்கும் 12 வாரம் போதும். எனினும் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, நாக்குச் சுவையிழந்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். தொடங்குமுன் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை வேண்டும். இற்றாகொனசோல் இதயம் நலிந்தவருக்கு ஆகாது. கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டெரோயிட் கலந்த களிம்புகளோ அரிப்பை அடக்கிப் படையை வளர்க்கின்றன. தேர்பினபினுக்கு அடங்காத ஒரு பங்கசு இந்தியத் துணைக்கண்டத்தில் பரவியதும், 2020இல் அதற்குத் தனிப்பெயர் இடப்பட்டதும் ஆசிரிய நண்பர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

கேகாலைப் பகுதித் தோட்டமொன்றில் நான் படிப்பித்த காலத்தில், ஒரு பிள்ளையின் தாய் மருந்துச்சாலையில் பெற்ற மாத்திரைகளைக் காகிதப் பையோடு கொண்டுவந்து காட்டினாள். ஒரு மாதத்துக்கான மாத்திரைகளில் மூன்றிலொரு பங்கே உண்டிருந்தாள். “அரிப்பு நின்னுருச்சுங்க மாஸ்டர், மிச்சத்தை இவனுக்குக் குடுக்கலாமா?” என்றாள். பையனின் கழுத்திலும் அதே வட்டம். பையின் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன். நாளுக்கு எத்தனை மாத்திரை என்பது மட்டும் இருந்தது. எத்தனை நாள் என்பது இல்லை. பிள்ளைக்கு மருந்தின் அளவு அவன் எடையைப் பொறுத்தது, டாக்டரய்யாவிடம் கூட்டிப் போங்கள் என்றேன். ஒரு நாள் பேர் போய்விடுமே என்றாள். மறுநாள் மழையில் அவள் மலைக்குப் போனாள். பையன் பள்ளிக்கூடம் வந்தான். ஐந்து பேர் படுக்கும் அக்காம்பராவில் பாய் இரண்டுதான் இருந்தது.